லேப்டாப்புக்குப் பூக்கேட்ட கதை

இந்த லேப்டாப்பையாவது நான் ஆள்வது என்று தீர்மானம் செய்தேன்.

'லேப்டாப்பையாவது' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வீட்டில் டிவி ரிமோட் என் வசம் இல்லை. ஃபேன் வேகம் என் வசம் இல்லை. என் காப்பிக்குச் சர்க்கரை எவ்வளவு என்பதை டாக்டரும் என் மனைவி உண்ணாமலையும் கலந்து பேசி முடிவு செய்கிறார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஊர் திருச்செங்கோடு. மலைமேல் இருக்கிற சாமி பாதி ஆண், பாதி பெண். மனைவிக்குச் சரிபாதி கொடுத்துவிட்டு நிம்மதியாக நிற்கிறார். அவர் அடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அந்தப் பாதிகூடத் தங்கவில்லை.

என் பெயர் குமரகுரு. போர்வெல் போடுகிற ரிக் வண்டிகளுக்கு உதிரி பாகம் விற்கிறேன். அது பிழைப்பு. உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. கம்ப்யூட்டர் என்று ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட்டால் அதில் எதையாவது இன்ஸ்டால் செய்யாமல் எனக்குக் கை நிற்காது.

கம்ப்யூட்டரோடு கூடவே வரும் மென்பொருள்கள் இருக்கின்றனவே, அவை கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் குடங்கள் மாதிரி. நாம் கேட்கவில்லை, அவர்கள் கொடுத்தார்கள், அட்டாலியில் கிடக்கும். வெளியார் செய்ததை நாமாகத் தேடிப் பிடித்து, இறக்கி, 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அமுக்கிக்கொண்டே போவதில்தான் ருசி. விண்டோஸ் என்றால் எனக்கு முதலில் ஃபைல்களைச் சுருக்கிக் கட்டுகிற செவன்-ஜிப். பிறகு நோட்பேட் பிளஸ் பிளஸ். பிறகு எவ்ரிதிங். ஒரு ஃபைலின் பெயரில் இரண்டு எழுத்தை அடிப்பதற்குள் அது எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும் கொண்டுவந்து நிறுத்திவிடும். வீட்டுச் சாவிக்கும் அப்படி ஒன்று இருந்தால் என் மணவாழ்க்கையில் பாதிச் சண்டை நடந்திருக்காது.

கடையில் இருக்கிற பழைய பெட்டியில் லினக்ஸ். அதில் என் செல்லம் கேடிஇ கனெக்ட். செல்போனையும் கம்ப்யூட்டரையும் முடிச்சுப்போட்டு வைக்கும். போன் வந்தால் திரையிலும் பெயர் தெரியும், ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு தானாக நிற்கும். கையில் 'உண்ணாமலை' என்று ஒரு தடவை, திரையில் 'உண்ணாமலை' என்று ஒரு தடவை. பாட்டுகூடப் பயந்து நின்றுவிடுகிறது. இந்த வசதிக்காகத்தான் அதைப் போட்டேனா என்று இப்போது யோசிக்கிறேன்.

மேக்கையும் விட்டுவைக்கவில்லை. மகள் சௌமியாவைப் பார்க்கக் கோயம்புத்தூர் போனபோது மாப்பிள்ளை குளிக்கப் போன இடைவெளியில் அவருடைய மேக்கில் ஆறு சாமான் போட்டுக் கொடுத்தேன். ஜன்னல்களை இடம் வலமாக ஒதுக்கி நிறுத்த ரெக்டாங்கிள். கம்ப்யூட்டர் அசந்து தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள இன்னொன்று. ஊர் வந்து சேர்ந்ததும் மகள் போன் செய்தாள்.

"அப்பா, அவரோட கம்ப்யூட்டரு தூங்கவே மாட்டேங்குதாம். ஆபீசுல மீட்டிங்கு ஆரம்பிக்கறப்ப சார்ஜே இல்லையாம்."

"தூங்காம இருக்கறதுக்குத்தானே போட்டேன், சாமி."

"இனிமே அவரு குளிக்கப் போனாலும் பொட்டியக் கூடவே எடுத்துட்டுப் போறேங்கறாரு."

உலகம் கலைஞனைப் புரிந்துகொள்ள நாளாகும்.

இந்த நிலைமையில்தான் சௌமியா புது லேப்டாப் வாங்கிக்கொண்டு தன் பழையதைக் கூரியரில் அனுப்பினாள். பார்சலின்மேல் 'திருமதி உண்ணாமலை குமரகுரு' என்று எழுதியிருந்தது. அதில் என் பெயரும் இருக்கிறதே என்று நானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். கத்தரிக்கோலை எடுத்தேன். பின்னால் குரல் வந்தது.

"ஏனுங்க, எம்பேருக்கு வந்ததை நீங்க ஏனுங்க அறுக்கறீங்க?"

"உனக்கு எதுக்கு சிரமம்னுதான். இது பழைய மாடல். எல்லாத்தையும் தொடச்சு எறிஞ்சுபோட்டு, விண்டோஸப் புதுசாப் போட்டு, எனக்குப் புடிச்சதையெல்லாம் ஏத்திடறேன்."

"எனக்கும் இது வேணுமுங்க."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. இருபத்தாறு வருட அனுபவத்தில் இந்த இடத்தில் நானும் சிரிப்பை நிறுத்தியிருக்க வேண்டும்.

"உனக்கெதுக்கு லேப்டாப்பு?"

"ஒரு வேல இருக்குதுங்க. அப்பறமாச் சொல்றேன்."

"இப்பச் சொல்லு."

"அப்பறமாச் சொல்றேனுங்க. ஆனா இதுல லினக்சுதான் போடோணும். பழைய பொட்டிக்கு அதுதான் லேசா ஓடுமாம், சித்ரா சொல்லுச்சு."

சித்ரா பக்கத்து வீட்டுப் பெண். இன்ஜினீயரிங் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். சாயந்திரமானால் உண்ணாமலையும் சித்ராவும் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கும்மி பழகப் போவார்கள். எங்கள் பக்கத்தில் இப்போது வள்ளி கும்மி பழகாத வீடு கிடையாது. அரங்கேற்றம் என்றால் ஊரே ஒரே கலரில் துணி எடுத்து ஆடுகிறது, ஆண்கள் உட்பட. என்னையும் வரச் சொல்லி உண்ணாமலை நச்சரித்தாள். முழங்கால் வலி என்று சொல்லித் தப்பித்தேன். எனக்கு முழங்காலில் ஒன்றும் இல்லை. மானத்தில்தான் வலி.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சண்டையால் அல்ல, ஆவலால். இவளுக்கு லேப்டாப்பில் என்ன வேலை? சமையல் வீடியோ போடப் போகிறாளா? என்னைப் பற்றி எழுதப் போகிறாளா? பல்லைக் கடித்துக்கொண்டு நல்லபிள்ளையாக நடந்து பார்த்தேன். கடைக் கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து என் சொத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். மயங்கி, உண்மையைக் கக்கிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளும் ஆவலாகத்தான் பார்த்தாள்.

"இதென்னுங்க, டோல்கேட்டுல வெச்சிருக்கற கூம்பாட்டம்?"

"இதுதான் விஎல்சி. எந்த வீடியோவா இருந்தாலும் ஓட்டும். விண்டோஸ், மேக், லினக்ஸ், எங்க போட்டாலும் மொணங்காம ஓடும்."

"அப்படீங்களா. இதுல என்ன வீடியோ பாத்தீங்க?"

"இன்னும் ஒண்ணும் பாக்கல. நல்ல படமா வரட்டும்னு இருக்கறேன்."

"இதென்னுங்க?"

"ஜிம்ப். போட்டோவுல வேண்டாததை அழிக்கலாம், கலர் மாத்தலாம்."

"எந்த போட்டோவ மாத்துனீங்க?"

"மாத்தோணும்."

"இது?"

"டைம்ஷிஃப்ட். தப்பா எதையாவது போட்டுக் கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னா, கெடறதுக்கு முந்துன நெலமைக்குத் திருப்பிக் கொண்டுபோயிடும்."

இதைக் கேட்டதும் அவள் சுவரில் இருந்த கல்யாண போட்டோவைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"ஏனுங்க, இத்தனையும் போட்டு வெச்சிருக்கறீங்க. இதுல நீங்க நெசமா என்னுங்க பண்றீங்க?"

"அப்டேட் பண்றேன்" என்றேன். உண்மை அதுதான்.

கடைசியில் நானே ஒரு சமாதானத் திட்டம் கொண்டுவந்தேன். ஒரே லேப்டாப், இரண்டு சிஸ்டம். பாதி விண்டோஸ் எனக்கு, பாதி லினக்ஸ் அவளுக்கு. ஆன் செய்யும்போது எது வேண்டுமென்று கேட்கும், வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். "நம்ம மலைச்சாமியாட்டம்" என்று விளக்கினேன். அவளுக்கும் பிடித்துப்போயிற்று. டிஸ்க் சின்னது. நடுவில் சரியாகக் கோடு போட்டுப் பிரித்தேன்.

என் பாதியில் விண்டோஸ் உட்கார்ந்தது. செவன்-ஜிப் வந்தது, நோட்பேட் பிளஸ் பிளஸ் வந்தது, எவ்ரிதிங் வந்தது. அவற்றுக்குத் துணையாக இன்னும் சில வந்தன. இடம் தீர்ந்தது. எனக்குப் பிடித்ததில் கால்வாசிகூட ஏறவில்லை. பக்கத்தில் அவள் பாதி காலியாகக் கிடந்தது. கோட்டைக் கொஞ்சமே கொஞ்சம் தள்ளிப் போட்டேன். மறுநாள் இன்னும் கொஞ்சம்.

மூன்றாம் நாள் சித்ராவும் அவளும் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்து எதையோ பார்த்தார்கள். சித்ரா போனதும் உண்ணாமலை என்னிடம் வந்தாள்.

"ஏனுங்க, ராத்திரியோட ராத்திரியா வரப்பைத் தள்ளிப் போடறீங்களா?"

"அது டெக்னிக்கலா..."

"எங்கப்பன் காட்டுல பங்காளி வரப்புத் தள்ளுனதுக்குக் கோர்ட்டு வரைக்கும் போனாரு. தெரியுமில்லீங்க?"

"தெரியும்."

"பாதி பாதி உங்களுக்கு ஒத்துவராது. ஒண்ணு உங்குளுது, இல்லாட்டி எங்குளுது. பூக்கேட்டுப் பாத்தர்லாமுங்க. ஆத்தா சொல்றபடி நடந்துக்குவோம். தோத்தவங்க, செயிச்சவங்க பேச்ச மறுபேச்சில்லாமக் கேக்கோணும்."

பூக்கேட்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். பெண் பார்த்தாலும் கேட்போம், போர் போடுவதற்கு முன்னும் கேட்போம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக ஒரே மாதிரிப் பொட்டலம் கட்டி மாரியம்மன் முன்னால் வைக்க வேண்டும். நினைத்ததைச் சொல்லி வேண்ட வேண்டும். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். கேட்டவர் நினைத்தது சரி என்றால் வெள்ளை வரும். சிவப்பு வந்தால் வேண்டாம் என்று அர்த்தம்.

எனக்கு உள்ளுக்குள் பால் வார்த்த மாதிரி இருந்தது. உண்ணாமலை அப்போது புட்டுமாவு பிசைந்துகொண்டிருந்தாள், கையெல்லாம் மாவு.

"பொட்டலத்த நானே கட்டறேன். நீ வேலயப் பாரு" என்றேன்.

"சரிங்க" என்றாள். இவ்வளவு சுலபமாக அவள் சரி சொன்னதே இல்லை. இதையும் நான் கவனித்திருக்க வேண்டும்.

கொல்லையில் நந்தியாவட்டை வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. பக்கத்தில் செவ்வரளியும் நின்றது. செவ்வரளியைப் பார்த்தேன். 'உனக்கு இன்று லீவு' என்று சொல்லிவிட்டு நந்தியாவட்டையிலேயே இரண்டு பூப் பறித்தேன். வாழையிலைத் துண்டில் ஒன்று. இன்னொரு வாழையிலைத் துண்டில் ஒன்று. மேலே நூல். பூசாரி எந்தப் பொட்டலத்தை எடுத்தாலும் வெள்ளை. ஆத்தாவுக்கு அநாவசியச் சிரமம் வேண்டாமே என்கிற நல்லெண்ணம்தான்.

பூசாரி காளியப்பன் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"பொண்ணுக்குக் கேப்பாங்க. போருக்குக் கேப்பாங்க. பொட்டிக்குக் கேட்டதில்லீங்களே."

"காலம் மாறுதுல்லீங்க" என்றேன்.

"செரி, கேக்கறது யாருங்க?"

"நான்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் உண்ணாமலை கையைக் கூப்பிக்கொண்டு ஓரடி முன்னால் போயிருந்தாள்.

"நானுங்க. எம்மகள் எம்பேருக்கு அனுப்பின பொட்டிங்க, அப்ப நான்தானுங்களே கேக்கோணும். ஆத்தா, இந்தப் பொட்டி எஞ்சொல்படிதான் நடக்கோணும்னா வெள்ளையக் குடு. எங்கூட்டுக்காரரு சொல்படி நடக்கோணும்னா செவப்பக் குடு."

நான் அவசரமாகக் குறுக்கே புகுந்தேன்.

"அதெப்படி?" என்றேன். "வெள்ளை எனக்கில்ல?"

உண்ணாமலை திரும்பினாள். முகத்தில் அப்படி ஒரு சாந்தம்.

"ஏனுங்க, ரெண்டும் ஆத்தா பூவுதானுங்களே. வெள்ளையா இருந்தா என்ன, செவப்பா இருந்தா என்னுங்க?"

"இல்ல... வழக்கமா..."

"உங்குளுக்கு மனசு வல்லைன்னா ஒண்ணு பண்ணலாமுங்க. ரெண்டு பொட்டலத்தயும் இங்கயே பிரிச்சு, பூசாரி கையால மறுக்கா மடிச்சு வெச்சரலாம். பூசாரி, பிரிங்க."

காளியப்பன் பொட்டலத்தின் நூலில் கை வைத்தார்.

"வேண்டாம், வேண்டாம்" என்று பாய்ந்தேன். "ஆத்தா முன்னால வெச்சதைத் தொடக் கூடாது. வெள்ளை அவளுக்கே இருக்கட்டும்."

"பாருங்க, எவ்வளவு பெரிய மனசு" என்று காளியப்பன் என்னைப் பாராட்டினார்.

பொட்டலங்களை உருட்டிக் கலந்தார். கண்ணை மூடினார். நானும் மூடினேன். ஆத்தா நினைத்தால் நந்தியாவட்டையைச் சிவப்பாக்க முடியாதா என்று உருகி வேண்டினேன். அவ்வளவு பக்தி எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. காளியப்பன் ஒன்றைப் பிரித்தார்.

வெள்ளை.

"ஆத்தா அம்மிணி பக்கமுங்க" என்றார். "அந்த இன்னொண்ணையும் பிரிச்சுக் காட்டிரட்டுங்களா?"

"அது இருக்கட்டுமுங்க" என்று உண்ணாமலை அதை எடுத்துப் பர்ஸில் வைத்து ஜிப்பை இழுத்தாள். "ஆத்தா பூவு. ஊட்டுல பத்தரமா வெச்சுக்கறேன்."

ஸ்கூட்டியில் திரும்பினோம். அவள் ஓட்டினாள், நான் பின்னால். பாதி வழியில் திரும்பாமலே சொன்னாள்.

"காத்தால செவ்வரளிச் செடிக்குத் தண்ணி ஊத்துனனுங்க. பூவு, மொக்கு எல்லாம் வெச்ச எடத்துல அப்படியே இருக்குது."

நான் எதிரே வந்த லாரியின் நம்பரைப் படித்தேன்.

"பிரிச்சுப் பாக்கட்டுங்களா?"

"எதுக்கு? ஆத்தா பூவு" என்றேன்.

வீட்டுக்கு வந்து மறுபேச்சில்லாமல் விண்டோஸை அழித்தேன். எனக்குப் பிடித்தது ஒவ்வொன்றும் கண் முன்னால் போயிற்று. லினக்ஸ் மட்டும் முழு டிஸ்க்கில் காலை நீட்டிப் படுத்தது. உண்மையிலேயே லேசாக ஓடியது, அது வேறு எரிச்சல்.

"இப்பச் சொல்லு. என்னென்ன போடோணும்?" பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்தேன்.

"ரெண்டே ரெண்டுங்க. ஆடாசிட்டி. அப்பறம் உங்க கூம்பு."

ஆடாசிட்டி! எனக்குக் கண்ணில் நீர் வராத குறை. பாட்டைப் பதிய, வெட்ட, ஒட்ட வெளியார் செய்த அருமையான மென்பொருள். இலவசம்.

"அட, இது விண்டோஸ்லயும் ஓடுமே. மேக்குலயும் ஓடும். முன்னமே சொல்லியிருந்தா என் பாதியிலயே போட்டுக் குடுத்திருப்பனே."

"தெரியுமுங்க. கூடவே உங்குளுதும் ஓடியிருக்குமே."

போட்டுக் கொடுத்தேன். கும்மிப் பாட்டு ஒன்றை அதில் திறந்தாள். திரையில் நீலநிற அலை ஏறி இறங்கியது. அவள் சித்ரா சொல்லிக்கொடுத்தபடி எஃபெக்ட் என்ற இடத்துக்குப் போய், டெம்போ என்கிற வேகத்தைப் பிடித்து இறக்கினாள். பாட்டுக்காரரின் குரல் தடிக்கவில்லை, சுருதி மாறவில்லை. அடி மட்டும் ஆற அமர நடந்து வந்தது. நான் எத்தனையோ வருடமாக இந்த மென்பொருளை இன்ஸ்டால் செய்திருக்கிறேன். இது இப்படியெல்லாம் செய்யும் என்று அன்றுதான் பார்த்தேன். பொறாமையை மறந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"இவ்வளவு மெதுவா எதுக்கு?"

"பழகறதுக்குத்தானுங்க. இன்னும் கொறைக்கோணும்."

"இதுக்கு மேல கொறச்சா ஆடறவங்க தூங்கிருவாங்க."

"புதுசா ஒருத்தர் சேர்றாருங்க. அவருக்குக் கையும் காலும் ஒண்ணோடொண்ணு பேசிக்காது. பாவம், அவருக்காகத்தான் இத்தன பாடும்."

எனக்கு ஆவல் பொங்கியது. யார் அந்த மக்கு? தெருவில் இருக்கிற ஒவ்வொருவரையும் மனதில் நிறுத்திப் பார்த்தேன்.

"எனக்குத் தெரிஞ்ச ஆளா?"

"நல்லாத் தெரியுமுங்க."

"அந்த ஆள எதுக்குச் சேக்கறீங்க? அரங்கேற்றத்துல மானம் போயிரும்."

"நானும் அதத்தான் நெனச்சனுங்க. ஆனா இந்தத் தடவ எல்லாரும் ஊட்டுக்காரரோட சோடியா ஆடோணும்னு கும்மி வாத்தியாரு சொல்லிப்போட்டாரு."

அலை திரையில் நின்றுபோயிற்று. நானும் நின்றுபோனேன். உண்ணாமலை எழுந்து பீரோவைத் திறந்தாள். கிளிப்பச்சை நிறத்தில் ஒரு சட்டையை எடுத்து என் தோளில் வைத்து அளவு பார்த்தாள். கச்சிதமாக இருந்தது. எப்போதோ தைத்துவிட்டாள்.

"எனக்கு முழங்கால் வலி" என்றேன்.

அவள் சாமி அலமாரியைப் பார்த்தாள். குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வாழையிலைப் பொட்டலம் உட்கார்ந்திருந்தது. இலை வாடிவிட்டது. நூல் இறுக்கமாகத்தான் இருந்தது.

"காளியப்பனைக் கூப்புட்டு அவரு முன்னாலயே பிரிச்சரட்டுங்களா?"

"எத்தன மணிக்குப் பழக்கம்?" என்றேன்.

அன்று முதல் சாயந்திரமானால் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு மைதானத்துக்குப் போகிறேன். உண்ணாமலை ஆடாசிட்டியில் அடியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறாள், நான் வியர்த்து வியர்த்துப் பின்னால் ஓடுகிறேன். இடது கை மேலே போக வேண்டிய இடத்தில் வலது கால் போகிறது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அவள் பக்கத்தில் நின்று ஒரு தடவை அடி தப்பாமல் குனிந்து நிமிர்ந்து கை தட்டியபோது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அவளிடம் இதைச் சொல்லவில்லை, சொன்னால் ஒயிலாட்டத்துக்கும் பெயர் கொடுத்துவிடுவாள்.

அரங்கேற்றம் முடிந்தது. கிளிப்பச்சைச் சட்டையில் நான் ஆடியதைச் சித்ரா வீடியோ எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் கும்மிக் குழு முழுவதும் எங்கள் வீட்டுக் கூடத்தில். லேப்டாப் டிவியில் சொருகப்பட்டது. உண்ணாமலை என் செல்லக் கூம்பை அமுக்கினாள். நல்ல படமாக வரட்டும் என்று இத்தனை வருடம் நான் காத்துவைத்திருந்த விஎல்சியில் முதல் படம் ஓட ஆரம்பித்தது. நடுவில் நான்தான், பெரிதாக.

சித்ரா திரையை உற்றுப் பார்த்தாள். அவளுக்கு ஒரு சந்தேகம்.

"அக்கா, ஸ்பீடக் கொறச்சு ஓட்டறீங்களா? சாதாரணமா வெய்யுங்க."

உண்ணாமலை முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டே சொன்னாள்.

"சாதாரணமாத்தான் ஓடுது கண்ணு. எங்கூட்டுக்காரரு ஆடறதே அவ்வளவுதான்."